பதினோராம் நிலையில் கிடந்த சுருள்

என் தம்பியைத் தாக்கிய பக்கவாதம் அவன் கையையும் காலையும் விட்டுவிட்டு வாசிப்பை மட்டும் கொண்டுபோயிற்று. சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, தென்காசியில் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் குற்றாலத்திலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பப் புறப்பட்டவன் செங்கோட்டைப் பேருந்தில் ஏறிவிட்டான். அங்கே இறங்கிய பிறகு எனக்குத் தொலைபேசியில் பேசினான்.

"யக்கா, போர்டெல்லாம் கோலமாத் தெரியுது. எழுத்தே இல்ல."

குரலில் பதற்றம் இல்லை. காவல்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் தகவலாகச் சொல்லிப் பழகியவன். நான்தான் ஆட்டோ பிடித்துப் போய் அவனைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் அவன் பெயரையும் தெருவையும் எழுதச் சொன்னார். ஆயிரம் புகார் மனுக்களின் கீழ் குறிப்பெழுதிய அதே கையெழுத்தில், கோடு பிசகாமல் எழுதினான். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு மருத்துவர் அந்தத் தாளை அவனிடமே நீட்டினார். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல எழுத்து சார். யாரு எழுதினது?"

எழுதும் திறன் மூளையில் ஓரிடத்திலும் வாசிக்கும் திறன் வேறிடத்திலும் இருக்கின்றனவாம். ஒன்று போயிருந்தது, மற்றது இருந்தது. கூடவே வலப்பக்கப் பார்வையும் பாதி போயிருந்தது. தலையைத் திருப்பினால் வலப்புறத்தில் உள்ளது அவனுக்கு உண்டு, திருப்பாவிட்டால் இல்லை. இதற்கு மருந்து கிடையாது, பழகினால் கொஞ்சம் கொஞ்சமாக வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல இயலாது, பழகாவிட்டால் வராது என்றார் மருத்துவர்.

அவன் மனைவி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் புனேயில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஆகவே வாரத்தில் மூன்று நாள் காலையில் பேருந்து ஏறிக் குற்றாலத்துக்குப் போய், மாலையில் திரும்புவதை என் முறையாக்கிக்கொண்டேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு வேறு கடமை திங்கட்கிழமை தேவாரம் ஓதுதல் ஒன்றுதான்.

மருத்துவமனையில் பயிற்சி தருபவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். எழுத்தைக் கண்ணால் அறிய முடியாதவன், அதன் வடிவைப் பார்த்து விரலால் தொடையில் எழுத வேண்டும். விரல் அறிந்ததும் வாய் சொல்லும். காப்பியை எப்போதும் அவனுக்கு வலப்புறம் வைக்கச் சொல்லி என்னிடமும் கேட்டுக்கொண்டார். தேடிக் குடித்தால் தலை தானே திரும்பப் பழகுமாம். எல்லாம் சரி, ஆனால் வாசிக்கக் கொடுத்தது குழந்தைகளின் படப் புத்தகம். தம்பி அதை இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் அது அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

"ஆடு, இலைன்னு படிக்கச் சொல்லுதாரு. நான் என்ன பால்வாடிப் புள்ளையா?"

மகள் பங்குனியில் வந்தபோது தன் பழைய மடிக்கணினியில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். அதில் படங்கள் இல்லை. கறுப்புத் திரையில் கோடுகளும் புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளும்தான். கோடுகள், அடுக்கடுக்காகக் கீழே இறங்கும் ஒரு நிலவறையின் சுவர்கள். புள்ளிகள் நடக்கும் இடம். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, சுழிக்குள் அகப்பட்ட ஓர் எழுத்து, அதுதான் ஆடுபவன். மற்ற எழுத்துகளெல்லாம் விலங்குகளும் பூதங்களும். சின்ன டி நாய் நரி இனம், பெரிய டி தீ உமிழும் நாகம், எஸ் பாம்பு, இசட் நடக்கும் பிணம். ஓரெழுத்தைப் பிழையாக அறிந்தால் நரி என்று எண்ணி நாகத்தின் வாயில் போய் நிற்க நேரும். ஆனால் இவன் ஒரு விசையைத் தட்டும் வரை எதிரே உள்ள எதுவும் அசையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தொடையில் எழுதிப் பார்க்கலாம்.

அவளுடைய கணக்கு தப்பவில்லை. முதல் நாள் ஓரெழுத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான். சித்திரை முடிவதற்குள் சில எழுத்துகளுக்கு விரல் வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பட்டவற்றை அவன் எழுத்துப் பெயராலும் சொல்வதில்லை, பூதத்தின் பெயராலும் சொல்வதில்லை. எல்லாமே கேடிகள்தாம்.

"யக்கா, இங்கன ஒரு கேடி நிக்கான் பாத்தியா. ஆளு சின்னவன். ஆனா கடிப்பான்."

"என்ன எழுத்துன்னு சொல்லு மொதல்ல."

"பொறு. விசாரணை நடக்குது."

அந்த விளையாட்டில் ஆடுபவனுக்கு ஒரே உயிர். செத்தால் சேர்த்ததெல்லாம் அழிந்து, மீண்டும் மேல்நிலையிலிருந்து வெறுங்கையோடு இறங்க வேண்டும். தம்பி நான்கு முறை மேல்நிலைகளிலேயே செத்தான். ஐந்தாம் முறை இறங்கியவன் ஆனி மாதத்தில் பதினோராம் நிலையை எட்டியிருந்தான். அப்போது ஒரு நாள், சொல்ல வேண்டிய செய்தி என்பதுபோல் என்னிடம் சொன்னான்.

"இவன் செத்தா அவ்ளோதான்க்கா. மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல. மூடி வச்சிருவேன்."

மூடி வைத்தால் வேறு எதையும் கையில் எடுக்கமாட்டான் என்பதை நான் அறிவேன். செய்தித்தாளை அவன் தொடவில்லை. கடிதங்களைப் பிரிக்கவில்லை. அவன் வாசிப்பு என்று உலகில் எஞ்சியிருந்தது அந்தத் திரையில் நின்றவன் ஒருவனே. அவன் உயிரோடு இருக்கும் வரை தம்பி எழுத்தைப் பார்ப்பான். இது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இனிச் சுருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலவறைத் தரையில் அங்கங்கே எழுதிய சுருள்கள் கிடக்கும். மேலே பொருளற்ற சில எழுத்துகள் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று வாசித்தால்தான் தெரியும். முதல் ஆட்டங்களில் தம்பி சிலவற்றை வாசித்தான். ஒன்று பூட்டிய கதவைத் திறந்தது. ஒன்று அவன் உடலில் ஏறிய பாம்பின் நஞ்சை இறக்கியது. ஒன்று இருண்ட அறையை விளக்கேற்றியதுபோல் காட்டியது.

எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அடைத்த கோயிற்கதவு திறக்கப் பாடியதும், விடம் தீண்டியவன் எழப் பாடியதும், நெருப்பிலிட்ட ஏடு பச்சையாய் மீண்டதும், ஆற்றிலிட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறியதும் கேட்டு வளர்ந்தவள் நான். நாவில் ஏறிய எழுத்து இப்படித்தான் செய்யும். அந்நிய நாட்டில் யாரோ பிள்ளைகள் செய்த விளையாட்டுக்கும் இது தெரிந்திருக்கிறதே என்று எண்ணினேன்.

தம்பி அப்படி எண்ணவில்லை. ஆழம் போகப் போக, புதிதாகக் கிடைத்த சுருள் எதையும் அவன் வாசிப்பதில்லை. தப்பி ஓட மாடிப்படி அருகில் இருக்க வேண்டும், உடம்பில் முழு வலு இருக்க வேண்டும், அப்போதுதான் பிரிப்பான்.

"அனாமத்தா கெடக்குற பார்சலப் பிரிக்கக் கூடாதுக்கா. டிப்பார்ட்மெண்ட்டுல மொதப் பாடமே அதான்."

"நல்லதா இருந்தா?"

"நல்லதா இருந்தா அது எங்கயும் போகாது. அங்கனயே கெடக்கும்."

ஆடி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகும் வண்டிகளின் ஒலி காலையிலிருந்தே ஓயவில்லை. தம்பி பதினோராம் நிலையின் ஓர் அறைக்குள் நடந்துகொண்டிருந்தான். இலஞ்சியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்ட வருபவர் கொல்லை வாசலில் மிதிவண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. தம்பி திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

"பாத்துக்கக்கா. குரங்கு வந்தா வெரட்டு. லேப்டாப்ப முன்னாடி தூக்கப் பாத்துச்சு."

அவன் போனபின் நான் திரையைப் பார்த்தேன். மேல்வரியில் 'இங்கே ஒரு சுருள் கிடக்கிறது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. சுழிக்குறி ஒரு சுருளின் மேல் நின்றுகொண்டிருந்தது.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எழுதிய தாள் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நான் ஒரு நாளும் நகர்ந்ததில்லை. பேருந்தில் கீழே கிடக்கும் பயணச்சீட்டின் மேலும் காலை வைக்க மாட்டேன். தம்பி எழுத்தின் மேல் நிற்கிறான், முடி வெட்டி முடிக்கும் வரை நிற்கப் போகிறான் என்று தோன்றியது. எழுத்தை இழந்தவன் எழுத்தின் மேல் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எந்த விசை எதற்கென்று தெரியும். கீழே கிடப்பதை எடுக்கும் விசையைத் தட்டினேன். சுருள் பைக்குள் ஏறியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமைகளில் எங்கள் ஓதும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது துன்பம் என்றால், மூடிய புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஒரு நூலைச் செருகுவோம். நூல் நின்ற பக்கத்தில் உள்ள பதிகத்தை அவர்களுக்காக எல்லோரும் ஓதுவோம். எந்தப் பக்கம் வந்தாலும் அதுதான் வந்தது. கைக்கு வந்ததை ஓதாமல் மூடி, வேறு பக்கம் தேடுவது பிழை. இப்படி நாற்பது ஆண்டுகளாக எடுத்ததையெல்லாம் வாசித்து வந்தவளுக்கு, எடுத்த சுருளை வாசிக்காமல் பையில் போட்டுவைப்பதுதான் விபரீதமாகத் தோன்றியது. தம்பிக்காக வந்த ஏடு இது என்றும் எண்ணினேன். வாசிக்கும் விசையைத் தட்டினேன். எந்தச் சுருள் என்று அது கேட்டது. அதையும் சொன்னேன்.

சுழிக்குறியைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டு எழுத்துகள் எழுந்து நின்றன.

மேல்வரியில் செய்தி வந்தது: பகையை அழைக்கும் சுருள் அது. கேடு செய்வதற்கென்றே எழுதப்பட்ட ஓர் எழுத்தை அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன். என் எழுபதாம் வயதில், என் விரலால், தம்பியின் பெயரில்.

மறைக்க முடியாது; மறைக்கவும் தோன்றவில்லை. கொல்லைப்புறம் போய்ச் சொன்னேன். தம்பி கழுத்தில் துணியோடு, பாதி வெட்டிய தலையோடு இருந்தான்.

"ஏலே, அந்தச் சுருள வாசிச்சிட்டேன்."

கத்தரிச் சத்தம் நின்றது.

"எந்தச் சுருள?"

"நீ அது மேல நின்னுட்டிருந்த. எழுத்த மிதிக்கலாமா? எடுத்தேன். எடுத்தத வாசிச்சேன்."

"என்ன வந்துச்சு?"

"எட்டுப் பேரு. சுத்தி நிக்காங்க."

தம்பி முடிவெட்டுபவரிடம் சொன்னான்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, முப்பத்தஞ்சு வருச சர்வீஸ்ல எவனும் என்னைய இப்படி மாட்டி விட்டதில்ல. கூடப் பொறந்தவ செஞ்சிட்டா."

"மீதிய வெட்டிரவா சார்?"

"வெட்டுங்க. அவனுங்க எங்கயும் போக மாட்டானுங்க. நான் தட்டுத வரைக்கும் நிப்பானுங்க."

முடி வெட்டி, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டுதான் திரைக்கு முன் வந்து உட்கார்ந்தான். நான் வழக்கம்போல் அவனுக்கு வலப்புறத்தில் உட்கார்ந்தேன். எழுத்துகளைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

இடப்புறத்து மூன்றையும் முதலில் எடுத்துக்கொண்டான். முதல் இரண்டுக்கு விரல் வேண்டியிருக்கவில்லை. "எஸ். இசட்." மூன்றாவதைத் தொடையில் எழுதினான். "ஓ." சுழிக்குறிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றுக்குச் சற்று நேரம் பிடித்தது. இரண்டையும் சரியாகச் சொன்னான். பிறகு திரையை ஆராய்ந்தான்.

"எட்டுன்னியே. அஞ்சு பேருதான் நிக்கானுங்க."

அவனாகவே நினைவுகூர்ந்து தலையை என் பக்கமாகத் திருப்பினான். "ஆமா. உள்ளத்தான் இருக்கானுங்க" என்றான். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொடையில் எழுதினான். கடைசி எழுத்தை இரண்டு முறை எழுதிப் பார்த்தான். "சின்ன டி. நரிப்பய."

எட்டும் பிழையில்லை. படப் புத்தகத்தை எறிந்தவன், ஒருவரும் சொல்லாமல், எட்டு எழுத்துகளை ஒரே இருப்பில் வாசித்து முடித்தான். அதனால் அவை அவனை விட்டுவிடவில்லை. மாடிப்படி நெடுந்தொலைவில் இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் எட்டும் தாக்கின. பாம்பைக் கொன்றான். பிணத்தைக் கொன்றான். இருந்த ஒரே மருந்தைக் குடித்தான். அரை மணி நேரம், ஒவ்வோர் அடிக்கும் யோசித்து, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்து ஆடினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஐந்தெழுத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். திரை மாறியது.

கல்லறைக் கல் ஒன்று வந்து நின்றது. கோடுகளால் வரைந்த கல். அதற்குள் மூன்று வரிகள் இருந்தன. மகள் ஆடுபவனுக்குத் தம்பியின் பெயரையே வைத்திருந்ததால் முதல் வரியில் அவன் பெயர் இருந்தது. மடிக்கணினியை மூடிவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"இரு."

விரலைத் தொடையில் வைத்துக்கொண்டு தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். இரண்டாம் வரிக்கு இறங்கினான். கொல்லப்பட்டான் என்ற சொல்லுக்கு நெடுநேரம் ஆயிற்று. அதை முழுச்சொல்லாகச் சேர்த்துச் சொன்னதும் நிறுத்தினான். வரி வலப்புறம் நீண்டிருந்தது. தலையைத் திருப்பி மிச்சத்தையும் வாசித்தான்.

"நரி கடிச்சுச் செத்தான்னு போட்டிருக்கான்க்கா. பதினோரு மாடி எறங்கி வந்து, கடைசில நரிப்பய கடிச்சு."

"ம்."

"ரிப்போர்ட்டு சரியில்ல. சுருள வாசிச்சது யாருன்னு எழுதல. முக்கியக் குற்றவாளிய விட்டுட்டான்."

அதைச் சொல்லிவிட்டு மடிக்கணினியைத் தானே மூடினான். எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். நான் எதிர்பார்த்ததுதான்.

அடுத்து நான் போன நாள்களில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பார்க்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. காப்பியை வலப்புறம் வைத்தேன். அவன் தலையைத் திருப்பவில்லை. ஆறிப்போன பின் நானே எடுத்து இடப்புறம் வைத்தேன். மறுமுறையும் அப்படியே ஆயிற்று. மகள் தொலைபேசியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். "பெரியத்தை, நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க" என்றாள். நல்லது என்று நினைத்து எட்டுப் பேரை அழைத்தவளுக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் தம்பிக்காக நூல் செருகலாம் என்று ஒருவர் சொன்னார். இந்த வாரம் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எது வருமோ என்று பயமாக இருக்கிறது என்றேன், அது பொய்யில்லை.

இரண்டு வாரம் கழிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் போனபோது முடிவெட்டுபவரின் மிதிவண்டி கொல்லை வாசலில் நின்றது. கத்தரிச் சத்தமும் பேச்சும் கேட்டன. வீட்டுக்குள் தொலைக்காட்சி அணைந்திருந்தது. மேசையில், வெறும் காப்பித் தம்ளர் ஒன்று வலப்புறத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது.

முதல் நிலை. வெறுங்கையோடு புதிதாக இறங்கிய சுழிக்குறி ஓர் அறையின் நடுவில் நின்றது. மேல்வரியில் 'இங்கே ஒரு சுருள் கிடக்கிறது' என்று இருந்தது.

விசைப்பலகையின் மேல் ஒரு தாள். தம்பியின் கையெழுத்து. 'யக்கா, படிக்காதே' என்று முதலில் எழுதியிருக்கிறான். பிறகு 'படிக்காதே' என்பதைக் கோடிட்டு அடித்துவிட்டு, அதன் மேலே 'தொடாதே' என்று எழுதியிருக்கிறான். படிக்காதே என்று மட்டும் சொன்னால் நான் சுருளை எடுத்துவிடுவேன் என்று அவனுக்குப் பிற்பாடு தோன்றியிருக்க வேண்டும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் நீட்டிய அந்தத் தாளில், தான் எழுதியதைத் தன்னுடையதென்று அறியாமல் யார் எழுத்து என்று கேட்டவன் இவன். இங்கே தான் எழுதியதற்குத் திரும்பி வந்து, அதில் மாற்ற வேண்டிய சொல் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் அடித்திருக்கிறான். கோடு பக்கத்துச் சொல்லில் படவில்லை.

தாளைக் கண்ணில் ஒற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். சுழிக்குறி எழுத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொல்லையிலிருந்து குரல் வந்தது.

"யக்கா, வந்துட்டியா? என்ன செய்யுத?"

"சும்மா இருக்கேன்."

"அப்படியே இரு."

கத்தரிச் சத்தம் தொடர்ந்தது.